கேள்வி – பதில்: டோப்ரூக் முற்றுகை

? 1941-இல் லிபியாவின் டோப்ரூக் துறைமுகத்தை ஜெர்மன் தளபதி ரோமெல் முற்றுகையிட்டபோது, ஜெர்மன் டாங்கிகள் அரணைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டனவாமே? பிறகும் ஊர் விழாதது எப்படி?
– வாசகர், தேனி

உள்ளே விட்டதில்தான் சூட்சுமம். துறைமுகத்தை அரைவட்டமாக வளைத்த அரண் சுமார் 45 கி.மீ. நீளம், இத்தாலியர் கட்டிவிட்டுப் போனது. அதன் காங்கிரீட் காவல்குழிகள் தரையோடு தரையாக இருந்ததால், கிட்டே வரும்வரை கண்ணில் படாது. ஏப்ரல் 14 விடியற்காலையில் 38 டாங்கிகள் நுழைந்தன. குழிகளில் இருந்த ஆஸ்திரேலியர்கள் ஓடவில்லை, டாங்கியோடு மல்லுக்கும் நிற்கவில்லை. குனிந்துகொண்டு போகவிட்டார்கள். பின்னால் வந்த காலாட்படையை எழுந்து சுட்டார்கள். துணைக்கு ஆள் வராத டாங்கியால் குழிக்குள் இருப்பவனைக் கிளப்ப முடியாது. பிடித்த இடத்தில் நிலைக்கவும் முடியாது. உள்ளே பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கிகள் காத்திருந்தன. தொலைவில் குண்டு வீசுகிற அந்தப் பீரங்கிகள், அன்று குழலைத் தாழ்த்தி, கண்ணெதிரே தெரிந்த டாங்கிகளையே அடித்தன. 17 டாங்கிகள் காலி.

? பீரங்கிகள் போதுமான அளவு இருந்தனவா?
– வாசகி, மன்னார்குடி

இல்லை. இத்தாலியர் விட்டுப்போன பழைய பீரங்கிகளைச் சமையற்காரர்களும் எழுத்தர்களும்கூட இயக்கினார்கள். பலவற்றில் குறிபார்க்கும் கருவி கிடையாது. குழலின் பின்வாயைத் திறந்து, உள்வழியே இலக்கைப் பார்த்துத் திருப்பி, தூரத்துக்கு ஏற்பக் குழலை உயர்த்த வேண்டும். முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் அடுத்ததைத் திருத்த முடியும். இதைக் குறிபார்த்தல் என்பதே கொஞ்சம் தாராளம்!

? எட்டு மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?
– வாசகர், திருச்சி

எல்லாம் கடல்வழிதான். பகலில் வந்தால், பாய்ந்து இறங்கிக் குண்டு போடும் ஜெர்மன் ஸ்டூக்கா விமானங்கள் விடாது. அதனால் நாசகாரிக் கப்பல்கள் நிலவில்லா இரவுகளில் வந்து, வெடிமருந்தையும் உணவையும் இறக்கி, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் துறைமுகத்தை விட்டு வெளியேறும். குடிநீர் அளவு வைத்துத்தான் கிடைத்தது. அதுவும் உப்புக் கரிக்கும்.

? அப்படிப்பட்ட ஊர் 1942-இல் மட்டும் ஒரே நாளில் விழுந்தது ஏன்?
– வாசகர், வேலூர்

அரண் அதே அரண் இல்லை. கண்ணிவெடிகளில் நிறைய, டோப்ரூக்கிற்கு மேற்கே அமைத்த கஸாலா தற்காப்பு வரிசைக்காகத் தோண்டி எடுத்துப் போகப்பட்டிருந்தன. டாங்கிகளைத் தடுக்கும் அகழி பல இடங்களில் மணல் மூடிக் கிடந்தது. ஜூன் 20 காலை தென்கிழக்கு மூலையில், 11-ஆவது இந்தியப் படைப்பிரிவின் முன்னால், விமானமும் பீரங்கியும் ஒரே இடத்தைக் குறிவைத்து அடித்தன. மராட்டியப் படையணி நின்ற பக்கம் அது. அங்கே வழி திறந்ததும் டாங்கிகளுக்குப் பின்னாலேயே காலாட்படையும் வந்துவிட்டது. மறுநாள் சரணடைந்தவர்கள் 30,000-க்கும் மேல்.