பாம்பன் பக்கம் இருந்துகொண்டே அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை ஒரே நாளில் ஓடிக் கடக்கத் தயாராக முடியுமா?

முடியும். ஆனால் தனுஷ்கோடி சாலையில் எவ்வளவு ஓடினாலும் அது பாதிப் பயிற்சிதான்.

தெற்கு விளிம்பிலிருந்து சவுத் கைபாப் பாதையில் இறங்கி, கொலராடோ ஆற்றைத் தாண்டி, நார்த் கைபாப் வழியாக வடக்கு விளிம்புக்கு ஏறினால் சுமார் 34 கி.மீ. தூரம் பெரிய விஷயம் இல்லை. மலை என்றால் முதலில் ஏற்றம் வரும். இங்கே முதலில் இறக்கம். கிட்டத்தட்ட 1,450 மீட்டர் இறங்கும்போது முன்தொடைத் தசைதான் அடிக்கு அடி பிரேக் போடுகிறது. ஆற்றங்கரை வரும்போதே கால் தளர்ந்திருக்கும். அப்புறம்தான் சுமார் 1,750 மீட்டர் ஏற வேண்டும்.

நம் தீவிலோ உயரமான இடமே கந்தமாதன பர்வதம் என்கிற மணல்மேடு! பாம்பன் பாலத்துச் சரிவு உடம்பைச் சூடாக்கிக்கொள்ள மட்டும் ஆகும். அவ்வப்போது கொடைக்கானல் போய் இறக்கத்தில் ஓடுங்கள். தெற்கு விளிம்பும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

வெயில் பழகியவர்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கே வியர்வை சொட்டும்; அங்கே வறண்ட காற்றில் வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் 40 டிகிரியைத் தாண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும், உப்புள்ள தீனியும் கூடவே வேண்டும். சவுத் கைபாப்பில் இறங்கும் வழியில் குடிநீர் கிடையாது.

வடக்கு விளிம்புச் சாலையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அதனால் மே கடைசி அல்லது அக்டோபர் தொடக்கம் பாருங்கள். டிக்கெட் போடுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று பூங்கா அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.