குடிக்காதவனுக்கு வெட் மெஸ்ஸில் என்ன வேலை?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியாவில், கல்கூர்லிக்கு வடக்கே, இன்னும் ஓடத் தொடங்காத ஒரு தங்கத் தாது ஆலையில் மெட்டலர்ஜிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. ஆலை தொடங்கும்போது எப்படி இருக்கும் என்பது ஒன்று. வேலை முடிந்ததும் எல்லாரும் முகாம் பாருக்குப் போவார்களாமே, நான் குடிப்பதில்லை, போகாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களா என்பது மற்றொன்று. நான் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது, மூன்று ஆலைகள் தொடங்கியபோது கூட இருந்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான்.

முதல் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். தாது போடுமுன் வெறும் தண்ணீரை விட்டு ஓட்டிப் பார்க்கும் கட்டம். ஒரு ஸ்லர்ரி பம்ப், அதாவது தாதுக் குழம்பை இறைக்கும் பம்ப், ஓடும், நின்றுவிடும், மறுபடி ஓடும். மூன்று ஷிஃப்ட் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பம்புக்கு முன்னால் இருந்த தொட்டியைத் திறந்தால் உள்ளே சாரப் பலகைத் துண்டு ஒன்று, கூடவே ஒரு கையுறை. அங்கே வேலை பார்த்த ஃபிட்டருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ யாரென்றே எனக்குத் தெரியாதே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஆறு வாரமாகச் சாப்பாட்டை அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன் நான்தானே!

அதனால் பாருக்குப் போங்கள். அந்த பாரை வெட் மெஸ் என்பார்கள். சோடாவோடு உட்கார்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். காலையில் ஷிஃப்டுக்கு முன் மது சோதனைக் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும், பூஜ்யம் வர வேண்டும். அதனால் குடிக்கிறவர்களும் பெரும்பாலும் கணக்காகத்தான் குடிப்பார்கள். ஷவுட் என்று ஒரு வழக்கம் உண்டு, ஆளுக்கு ஒரு முறை எல்லாருக்கும் வாங்க வேண்டும். அதில் சேர்ந்துவிட்டால், நீங்கள் குடித்தது சோடாவே ஆனாலும், உங்கள் முறை வரும்போது நழுவாதீர்கள். குடிக்காததற்காக யாருக்கும் பெயர் கெட்டு நான் பார்த்ததில்லை, நழுவியதற்காகப் பார்த்திருக்கிறேன். ஃபிட்டர், எலக்ட்ரிஷியன், ஆபரேட்டர் இருக்கும் மேசையாகப் பார்த்து உட்காருங்கள். எஞ்சினியர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம். 1893-இல் தொடங்கிய, சுரங்க, உலோகவியல் துறையினருக்கான ஆஸ்ஐஎம்எம் சங்கத்தின் கிளைக் கூட்டங்களுக்கும் போகலாம், அடுத்த வேலைக்கு உதவும்.

சரி, ஆலை. முதலில் ஒவ்வொரு மோட்டாரையும் சுமையில்லாமல் சுற்ற விட்டுப் பார்ப்பார்கள். வயர் மாறி, தலைகீழாகச் சுற்றும் பம்ப் ஒன்றாவது அகப்படும். பிறகு தண்ணீர், அப்புறம் தாது, அதுவும் முதலில் தங்கம் குறைவாக உள்ள தாது. அந்தக் கட்டத்தில் நீங்கள் அதிகம் போராடப்போவது தண்ணீரோடுதான். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் கடல்நீரைவிட உப்பு. அதிலுள்ள மக்னீசியம் நீங்கள் போடும் சுண்ணாம்பையெல்லாம் தின்றுவிடும், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறவே ஏறாது. மற்ற இடங்களில் 10-க்கு மேல் வைப்பதை இங்கே சில ஆலைகள் 9-க்குச் சற்று மேலேயே வைத்து ஓட்டுகின்றன. பிஎச் குறையக் குறைய, தங்கத்தைக் கரைக்கப் போடும் சயனைடு நச்சு வாயுவாகப் பிரியும். சட்டையில் மாட்டும் வாயு மானி அலாரம் அடித்தால் ஏன் என்று ஆராயாதீர்கள், முதலில் வெளியேறுங்கள்.

முழுத் திறனை எட்ட நாளாகும். சாதாரணத் தங்க ஆலை என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் சீராகிவிடும். 1990-களின் கடைசியில் இதே மாநிலத்தில் மர்ரின் மர்ரின், காஸ், புலாங் என்று மூன்று நிக்கல் ஆலைகள் புதிய அமில முறையில் தொடங்கி வருடக்கணக்கில் திணறின. உங்களுடையது அந்த ரகம் இல்லை, பயப்படாதீர்கள்.

தாது விழும் முதல் வாரத்தில் இரவு ஷிஃப்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேட்டரோடு ஒவ்வொரு குழாயாக நடந்து பாருங்கள்.

அப்புறம், உங்கள் பெயரை முதல் நாளே சுருக்கிவிடுவார்கள். சுருக்கியது பிடிக்கவில்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். இரண்டாவது வாரம் ஹெல்மெட்டில் ஸ்டிக்கராக ஒட்டிவிடுவார்கள். என்னுடையது இன்னும் உரியவில்லை.