ரத்தத்தில் குமிழி ஏற்றினால் ஸ்கேன் தப்பாகுமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார். கல்லீரலில் ஒரு கட்டி தெரிகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூடியிருப்பதால் சி.டி. ஸ்கேன் வேண்டாம், குமிழி ஊசி போட்டு அல்ட்ராசவுண்டு எடுக்கலாம் என்று கோவையில் சொன்னார்கள். நரம்பில் காற்று ஏறினால் ஆபத்தில்லையா? குமிழி ஒலியையே மாற்றிவிடும் என்கிறான் தம்பி. எடுத்த அன்றே பஸ்ஸில் மலை ஏறலாமா?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். சலைன் குழாயில் தவறிப்போய் நுழையும் காற்று வேறு, இது வேறு. இந்தக் குமிழிகள் பெரும்பாலும் 2, 3 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்); ரத்தச் சிவப்பணுவே 7, 8 மைக்ரான் இருக்கும். எனவே நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்களையும் அடைக்காமல் கடந்துவிடும். உள்ளே சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு போல எளிதில் கரையாத வாயு, மேலே கொழுப்பாலான மெல்லிய உறை. கல்லீரலுக்கு வழக்கமாகப் போடும் ஊசியில் உள்ள மொத்த வாயுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் அளவுகூட வராது.

தம்பி சொல்வது சரிதான், ஒலி மாறத்தான் செய்யும். உடம்பில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகும் என்று வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. குமிழி கலந்த ரத்தத்தில் அந்த வேகம் ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும், வலுவும் குறையும். ஒலி பட்டதும் குமிழி நொடிக்குப் பல லட்சம் தடவை சுருங்கி விரிகிறது. விரிவது சுலபம், சுருங்குவதுதான் கடினம். அதனால் அனுப்பிய ஒலியில் இல்லாத புது அதிர்வுகளும் திரும்பி வருகின்றன. மெஷின் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, எதிரொலிகளைக் கூட்டும். திசுவின் ஒலி பெரும்பாலும் கழிந்துபோகும், குமிழியின் ஒலி மிஞ்சும். ரத்தம் ஓடும் இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி விளிம்பிலிருந்து மெல்ல உள்ளே நிரம்பும். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் சீக்கிரம் நிரம்பி, சுற்றியுள்ள கல்லீரலுக்கு முன்பே மங்கிவிடும்.

குமிழி அதிகமானால் ஆழத்தில் நிழல் விழும். சில நேரம் அதற்குப் பின்னால் இருக்கும் திசுவே ரத்தம் ஓடுவதுபோல ஒளிரும். அனுபவமுள்ள டாக்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார், ஊசி மருந்தின் அளவைக் குறைப்பார். இதற்காகக் கோவை வரை போவது நிச்சயம் வீண் இல்லை.

சி.டி.க்குப் போடும் ஊசி மருந்தில் இருப்பதுபோல இதில் அயோடின் இல்லை, சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. வாயு கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் மூச்சிலேயே வெளியேறிவிடும். அன்றே தாராளமாக மலை ஏறலாம். அபூர்வமாக அலர்ஜி வரலாம், அதனால் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, அண்மையில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், பழைய ஸ்கேன் படங்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.