ஒரே வரி, இரண்டு பொருள்: சுற்றறிக்கை எழுதுபவருக்குச் சில இலக்கணக் குறிப்புகள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. எளிய சொற்களில், எழுத்துப்பிழை இல்லாமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரே வரியை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் நேர்மாறாகவும் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். கடைசியாக அனுப்பியது இது:

"பொருளாளர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவில்லை. கட்டணம் கட்டாததால் 12ஆம் வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படவில்லை. சென்ற கூட்டத்துக்கு எல்லா உறுப்பினர்களும் வரவில்லை. மற்ற பிளாக்குகளைப் போல பி பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை லிஃப்ட்டைப் பார்த்த மெக்கானிக் சரிசெய்துவிடுவதாகச் சொன்னார். வாடகைக்கு இருப்பவர்கள் ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை, வாடகை ஒப்பந்த நகல் கொடுக்கவும். புதிய உறுப்பினர் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது."

எங்கே தவறுகிறது?

பதில்: சொற்களில் தவறில்லை. ஏழு வாக்கியங்களும் இலக்கணப்படி சரியானவை. ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு விதமாகச் சரியாக இருப்பதுதான் சிக்கல்.

தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை, கடைசியில் நிற்கிறது. அதற்கு முன் வரும் ஒவ்வொரு சொல்லும் தனக்கு வலப்பக்கம் உள்ள ஏதோ ஒரு சொல்லில் கொக்கி போட்டுத் தொங்குகிறது. எந்தச் சொல்லில் என்பதைப் பேச்சில் குரல் காட்டிவிடும். எங்கே அழுத்துகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதை வைத்தே கேட்பவருக்குப் புரிந்துவிடும். எழுதும்போது உங்கள் காதில் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருப்பதால் உங்களுக்கு ஒரு பொருள்தான் தெரியும். படிப்பவரிடம் அந்தக் குரல் இல்லை. குரல் செய்த வேலையை எழுத்தில் செய்ய வேண்டியவை உம், தான், ஏ, ஐ போன்ற சின்ன உருபுகளும் சொல் நிற்கும் இடமும்தான்.

உங்கள் அறிக்கையில் அதிகச் சேதம் செய்தது 'இல்லை'. முதல் நான்கு வாக்கியங்களும் அதில்தான் முடிகின்றன.

பொருளாளரிடமிருந்து தொடங்குவோம். "சரிபார்த்துக் கையெழுத்துப் போடவில்லை" என்பதில் எதிர்மறை கடைசி வினையில் இருக்கிறது. ஆனால் அதன் வீச்சு அங்கேயே நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முன்னால் உள்ள வினையெச்சத்தையும் ('சரிபார்த்து' போல முடியாமல் அடுத்த வினையைத் தேடி நிற்கும் வினை) அது வளைத்துக்கொள்ளும். அதனால் மூன்று பொருள் வருகிறது. சரிபார்த்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போட்டார், ஆனால் சரிபார்க்காமல் போட்டார். இரண்டுமே செய்யவில்லை. நடுவில் உள்ளது ஒருவர்மேல் குற்றச்சாட்டு. சண்டை வந்ததில் வியப்பில்லை.

திருத்தம் எளிது. முதல் பொருளுக்கு ஓர் 'உம்' போதும்: "சரிபார்த்தும் கையெழுத்துப் போடவில்லை." இந்த உம் வினையெச்சத்தைத் தனியே நடந்த செயலாக நிறுத்திவிடுகிறது, 'இல்லை' அதைத் தாண்டிப் பின்னால் போக முடியாது. இரண்டாம் பொருளுக்கு எதிர்மறையை எந்த வினைக்கு உரியதோ அதிலேயே வையுங்கள்: "சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டார்." மூன்றாவதற்கு: "சரிபார்க்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை."

தண்ணீர் விஷயமும் இதே நோய்தான். 12ஆம் வீட்டுக்குத் தண்ணீர் நின்றதா இல்லையா? "நிறுத்தினோம், காரணம் கட்டணமல்ல" என்றும் படிக்கலாம், "கட்டணம் பாக்கி என்பதற்காக நிறுத்திவிடவில்லை, தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது" என்றும் படிக்கலாம். 'ஆல்' உருபு பெற்ற காரணத்தொடரும் 'இல்லை'யும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இங்கே தமிழ் ஒரு நல்ல கருவியைத் தருகிறது. ஒரு செயல் நடக்கவில்லை என்பதற்கு 'இல்லை'. ஒன்று இன்னொன்றல்ல என்பதற்கு 'அல்ல'. காரணத்தை மட்டும் மறுக்க வேண்டுமென்றால் வினையைப் பெயராக்கி முன்னால் வைத்து, காரணத்தைப் பயனிலையாக்கி, 'அல்ல' போடுங்கள்: "12ஆம் வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது கட்டண பாக்கிக்காக அல்ல, குழாய் வேலைக்காக." நிறுத்தவே இல்லை என்றால்: "கட்டணம் பாக்கி இருந்தும் 12ஆம் வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படவில்லை." மறுபடியும் உம்.

"எல்லா உறுப்பினர்களும் வரவில்லை" என்பது பழைய சிக்கல். எவ்வளவு பழையது என்றால், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியாரின் இலக்கண நூலான நன்னூல் அதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறது: "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்." முழுமையைக் காட்டும் உம்மை சில இடங்களில் மிச்சத்தையும் காட்டும் என்பது பொருள். உரையில் காட்டும் எடுத்துக்காட்டு "எல்லாரும் வந்திலர்", அதாவது சிலர் வந்தார்கள். எதிர்மறையோடு சேரும்போதுதான் முற்றும்மை இப்படி நழுவுகிறது. அதனால் எதிர்மறை வாக்கியத்தில் 'எல்லாரும்', 'அனைத்தும்', 'முழுவதும்' ஆகியவற்றைத் தவிர்த்துவிடுவதே நல்லது. யாரும் வராவிட்டால் "ஒருவரும் வரவில்லை". சிலர் வராவிட்டால் "சிலர் வரவில்லை", அல்லது எண்ணையே கொடுத்துவிடுங்கள். கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா என்பதே கேள்வியாக இருக்கும் சங்கக் கூட்டத்தில் எண்தான் நல்லது.

'போல' இன்னும் நயமாக ஏமாற்றும். "மற்ற பிளாக்குகளைப் போல பி பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை" என்றால் மற்ற பிளாக்குகளில் ஓடுகிறதா, அங்கேயும் நின்றுவிட்டதா? ஒப்புமை 'ஓடு' என்பதோடு சேர்கிறதா, 'ஓடவில்லை' என்பதோடு சேர்கிறதா என்று தெரியவில்லை. எங்கும் ஓடவில்லையென்றால்: "மற்ற பிளாக்குகளைப் போலவே பி பிளாக்கிலும் ஓடவில்லை." இங்கே 'ஏ', 'உம்' இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன; ஒன்றை விட்டாலும் சந்தேகம் மிஞ்சும். பி பிளாக்கில் மட்டும் கோளாறு என்றால் 'போல' வேண்டவே வேண்டாம்: "மற்ற பிளாக்குகளில் லிஃப்ட் ஓடுகிறது. பி பிளாக்கில் ஓடவில்லை."

இனி மெக்கானிக். அந்த ஒரு வரியில் மூன்று வினைகள்: பார்த்த, சரிசெய்துவிடுவதாக, சொன்னார். 'வெள்ளிக்கிழமை' மூன்றுக்கும் இடப்பக்கம் நிற்கிறது. மூன்றில் எதில் வேண்டுமானாலும் அது கொக்கி போடலாம். வெள்ளிக்கிழமை லிஃப்ட் ஓடும் என்று எட்டாம் மாடிக்காரர் நம்பியிருப்பார். மெக்கானிக் வந்து பார்த்ததுதான் வெள்ளிக்கிழமை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். காலச்சொல்லை அதற்குரிய வினைக்கு ஒட்டி இடப்பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. பார்த்தது வெள்ளி என்றால், "லிஃப்ட்டை வெள்ளிக்கிழமை பார்த்த மெக்கானிக்". சொன்னது வெள்ளி என்றால், "சரிசெய்துவிடுவதாக மெக்கானிக் வெள்ளிக்கிழமை சொன்னார்". கடைசி வினைக்கு ஒட்டி நிற்கும் சொல்லுக்குப் போக வேறு இடம் கிடையாது, இதுவே மிகப் பாதுகாப்பானது. சரிசெய்து முடிப்பது வெள்ளிக்குள் என்றால் இடம் மாற்றுவதோடு உருபும் போடுங்கள்: "லிஃப்ட்டைப் பார்த்த மெக்கானிக், அதை வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்துவிடுவதாகச் சொன்னார்." 'பார்த்த'வுக்குப் பின்னால் வந்துவிட்டதால் அது அங்கே திரும்பிப் போகாது, 'குள்' இருப்பதால் 'சொன்னார்' என்பதோடும் சேராது.

காற்புள்ளி போட்டால் போதாதா என்று கேட்கலாம். உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்கும்போது முதலில் காணாமல் போவது காற்புள்ளி. உருபு அப்படிப் போகாது.

செய்யுளில் சொற்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்து பொருள் தருவதற்கு நன்னூலார் எட்டு வகைப் பொருள்கோள் (பொருள் கொள்ளும் முறை) சொல்கிறார். ஆற்று நீர் ஒரே போக்கில் ஓடுவதுபோல் சொல் வரிசையிலேயே பொருள் செல்வது அவற்றுள் முதலாவது, யாற்றுநீர்ப் பொருள்கோள். சுற்றறிக்கைக்கு அது ஒன்றே போதும். மற்ற ஏழும் புலவர்களுக்கு.

ஆவணப் பட்டியல் பற்றி. 'அல்லது' எதுவரை செல்கிறது என்று உங்கள் வரியில் தெரியவில்லை. ஆதார் கொடுத்தவர் ஒப்பந்தமும் கொடுக்க வேண்டுமா? அட்டையையே கொடுப்பதா, நகலையா? எல்லாப் பெயர்களும் வெறும் பெயர்களாக நிற்பதால் வந்த குழப்பம் இது. தேர்ந்தெடுக்க வேண்டியவற்றை முதலில் ஒரு கட்டாகக் கட்டிவிட்டு, சேர்க்க வேண்டியவற்றுக்கு இருபுறமும் உம் கொடுங்கள்: "ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்றின் நகலும், வாடகை ஒப்பந்தத்தின் நகலும், ஆக மொத்தம் 2 நகல்கள் கொடுக்கவும்." கடைசியில் வரும் எண் ஒரு பூட்டு. தொடரை யாராவது தவறாகப் படித்தாலும் எண் இடிக்கும்.

"புதிய உறுப்பினர் பட்டியல்" என்பதில் புதியது உறுப்பினரா, பட்டியலா? பெயரடைக்குப் பின் இரண்டு பெயர்கள் வந்தால் இந்தக் கேள்வி எழும். பட்டியல்தான் புதிது என்றால் அடையை அதற்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்: "உறுப்பினர்களின் புதிய பட்டியல்." ஆட்கள் புதியவர்கள் என்றால்: "புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களின் பட்டியல்." தொல்காப்பிய உரைகளில் வரும் "புலி கொல் யானை" இதற்கு அண்ணன் முறை: புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால் இரண்டும் வரும். உருபை விரித்தால் சிக்கல் தீர்ந்தது.

உருபை விரிக்கும் பழக்கம் இன்னொரு விதத்திலும் உதவும். உயிரில்லாப் பொருள்களுக்கு 'ஐ' போடலாம், விடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. "படிவம் வாங்கிக்கொள்ளவும்" என்றால் ஏதோ ஒரு படிவம். "படிவத்தை நிரப்பித் தரவும்" என்றால் முன்பு சொன்ன அதே படிவம். முதன்முறை சொல்லும்போது ஐ இல்லாமலும் இரண்டாம் முறை ஐ சேர்த்தும் எழுதினால் 'மேற்படி' போன்ற சொற்கள் தேவைப்படாது. ஐ வந்தால் அடுத்து வல்லினம் மிகும் என்பதையும் மறக்க வேண்டாம். அது அலங்காரமல்ல: 'வேலை தேடினான்' என்றால் உத்தியோகம், 'வேலைத் தேடினான்' என்றால் முருகன் கையில் இருப்பது. அதேபோல் 'கீரைக்கடை' ஒரு கடை, 'கீரை கடை' அடுக்களையில் இடும் கட்டளை.

'மட்டும்', 'தான்' இரண்டும் தமக்கு முன்னால் உள்ள சொல்லையே பிடிக்கும். "உரிமையாளர்கள் மட்டும் ஞாயிறன்று நீச்சல் குளத்தைப் பயன்படுத்தலாம்" என்றால் அன்று வாடகைதாரருக்கு அனுமதியில்லை. "உரிமையாளர்கள் ஞாயிறன்று மட்டும்" என்றால் உரிமையாளருக்கே மற்ற நாள்களில் அனுமதியில்லை. "நீச்சல் குளத்தை மட்டும்" என்றால் உடற்பயிற்சிக் கூடம் பூட்டு. இந்த ஒரு சொல்லை வைத்துவிட்டு, அதற்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வினையெச்சத்தில் ஆள் மாறினால் அவரை எழுதிவிடுங்கள். "கதவைத் தட்டியும் திறக்காமல் காவலாளி பார்சலைத் திருப்பி அனுப்பினார்" என்றால் திறக்காதவர் காவலாளி ஆகிவிடுகிறார். எழுவாய் சொல்லப்படாத எச்சத்துக்கு முற்றுவினையின் எழுவாயைத்தான் படிப்பவர் கொடுப்பார். "வீட்டில் யாரும் திறக்காததால்" என்று எழுதினால் காவலாளி தப்பினார். மனுக்களில் 'அவர்' வந்தாலும் இதே கவனம் வேண்டும்: "செயலாளர் தலைவரிடம் அவருடைய அறிக்கையைக் கொடுத்தார்" என்றால் யாருடையது? செயலாளருடையது என்றால் 'தம்முடைய'. தலைவருடையது என்றால் 'தலைவரின் அறிக்கையை அவரிடமே'.

அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. எல்லா வினைகளையும் அடிக்கோடிடுங்கள், பெயரெச்சம் ('பார்த்த மெக்கானிக்' என்பதில் 'பார்த்த' போல), வினையெச்சம் உட்பட. ஒரு வாக்கியத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கால, இட, காரணச் சொல்லிலிருந்தும் அதற்குரிய வினைக்கு ஒரு கோடு போடுங்கள். கோடு வழியில் இன்னொரு வினையைத் தாண்டினால் சொல்லை நகர்த்துங்கள். 'இல்லை' வரும் வாக்கியங்களை மட்டும் தனியாக, வெவ்வேறு சொல்லை அழுத்தி இரண்டு முறை உரக்கப் படியுங்கள். இரண்டு அழுத்தமும் இயல்பாக ஒலித்தால் அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. கடைசியாக, அறிக்கை தயாரானபோது உடனில்லாத ஒருவரிடம் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "இதைப் படித்தபின் நீங்கள் என்ன செய்வீர்கள், எந்தத் தேதிக்குள்?" என்று கேளுங்கள். தேதி என்றதும் ஒன்று: "10ஆம் தேதிக்குள்" என்பதில் 10ஆம் தேதி சேருமா என்று ஒவ்வொரு மாதமும் யாராவது கேட்பார்கள். "10ஆம் தேதி மாலை 5 மணி வரை" என்று எழுதிவிட்டால் கேட்கமாட்டார்கள்.