அண்ணன்கிட்ட பத்திரம் கேக்கத்தான் கூச்சமா?

கேள்வி: 2022ல அண்ணனும் நானும் சேந்து ஜவுளிக்கடை போட்டோம். என் பங்கு 4 லட்சம், வீட்ல 14 பவுன் நகைய அடகு வச்சு புரட்டினது, வட்டிய அவளே சம்பளத்துல கட்டிக்கிறா. லாபத்துல பாதின்னு பேச்சு, கூடப்பொறந்தவர்கிட்ட பத்திரம் கேக்க கூச்சமா இருந்துச்சு. ரெண்டு வருஷம் மாசாமாசம் ஜிபேல பங்கு அனுப்பினாரு, இப்ப 'நீ ஒத்தாசைக்குத்தானே இருந்த'ங்குறாரு. குடும்பத்துக்குள்ள பேசினது சட்டப்படி செல்லாதாமே? - பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல அண்ணன் வர்றாரு, கடை வருது, அந்த நகை மட்டும் ஒரே ஒரு வரியில வந்துட்டு காணாமப் போயிடுது. 'அவளே கட்டிக்கிறா'வாம்! அண்ணன் உங்களுக்குப் பண்ணினத நீங்க உங்க வீட்ல அப்படியே பண்ணிட்டிருக்கீங்க. நகைய கழட்டி வாங்கினப்ப எப்ப திருப்பித் தர்றேன்னு ஒரு தேதியாவது சொன்னீங்களா? பொண்ணோட ஸ்ரீதனம், அதாவது கல்யாணத்துலயும் மத்த நேரத்துலயும் அவளுக்குன்னு குடுத்த நகை நட்டு, புருஷனுக்கும் சேத்து பொதுச்சொத்து கிடையாது, கஷ்டத்துக்கு எடுத்துக்கலாம் ஆனா திருப்பித் தர்ற கடமை அவனுக்கு இருக்குன்னு 2024லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. கோர்ட் சொல்லித்தான் இது தெரியணுமா?

சரி, கடைக்கு வர்றேன். குடும்பப் பேச்சு செல்லாதுன்னு உங்க ஃப்ரெண்டோ யாரோ சொன்னது 1919ல வந்த பால்ஃபர் கேஸ், லண்டன்ல நடந்தது. சிலோன்ல வேலை பாத்த புருஷன் இங்கிலாந்துல தங்கிட்ட பொண்டாட்டிக்கு மாசம் 30 பவுண்டு தர்றேன்னாரு, கோர்ட் இது வீட்டுப்பேச்சு ஒப்பந்தம் இல்லைன்னு தள்ளிருச்சு. அது குடித்தனச் செலவு தம்பி. முதல் போட்டு லாபம் பிரிச்சு கடை நடத்துறது வீட்டுப்பேச்சா? அதே இங்கிலாந்துலயே 1970கள்ல அண்ணன் தம்பி மூணு பேரு கம்பெனிக் கடன் பத்தி போட்ட ஒப்பந்தம் செல்லும்னு தீர்ப்பு இருக்கு, என்ன, அவங்க எழுதி வச்சிருந்தாங்க. நம்ம 1872 ஒப்பந்தச் சட்டத்துல வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிக்கிற பாடுதான் உங்களோடது. நிரூபிக்க உங்ககிட்ட இருக்கறது அந்த ஜிபே வரவுதான். ஆனா லாபத்துல பங்கு வாங்கினா மட்டும் பார்ட்னர் ஆயிட முடியாது, கூலி, சம்பளம்னு அவரு சொல்லிடுவாரு. அதனால பேங்க் ஸ்டேட்மென்ட், கொள்முதல் பில், 'இந்த மாச பங்கு'ன்னு வந்த வாட்ஸ்அப் எல்லாத்தையும் அழியறதுக்குள்ள எடுத்து வைங்க. பதிவு பண்ணாத கூட்டுன்னா 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் 69வது பிரிவு பல வழக்குக்கு கதவ சாத்திடும், கூட்டைக் கலைச்சு கணக்கு கேக்குறதுக்கு மட்டும் வழி விட்டிருக்கு. கூட்டு முறிஞ்சதுலேருந்து 3 வருஷம்தான் கெடு, சொந்தபந்தம் பேசித் தீக்கட்டும்னு பொங்கலுக்குப் பொங்கல் தள்ளிப்போட்டா போச்சு. ஒரு வக்கீலப் பாருங்க.

கூடப்பொறந்தவர்கிட்ட எழுதி வாங்கினா உறவு கெட்டுப்போகும்ங்குறது எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது, எங்க வீட்ல ரெண்டு சித்தப்பாவும் பேசாமப் போனது ஒரு வரி எழுதி வைக்காததாலதான்.

வக்கீல்கிட்ட போறதுக்கு முந்தி ஒரு வேலை இருக்கு. ஒரு வெள்ளைத்தாள்ல '14 பவுன், என் மனைவியோடது, கடைக்காக நான் வாங்கினது'ன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அவங்க கையில குடுங்க. இந்த மாச வட்டிய நீங்க கட்டுங்க. அப்படியே அந்த அடகு ரசீத வாங்கி, ஏலத்துக்குப் போற தேதி என்னன்னு பாருங்க, அவங்களுக்கு அது மனப்பாடமாத் தெரிஞ்சிருக்கும்.