கடனைச் சீராகக் கொடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். 24 வருடங்களுக்கு முன், தங்கையின் திருமணத்துக்கென்று அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த எட்டுப் பவுன் நகையை எடுத்து அடகு வைத்தேன். நண்பருடன் கூட்டாகக் கடை போடுவதற்காக. கடை ஒரே வருடத்தில் மூழ்கியது, நகை ஏலத்தில் போய்விட்டது. அப்போது அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். "அவருடைய வைத்தியத்துக்குத்தான் வைத்தேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் நம்பினார்கள். தங்கை ஒற்றைச் சங்கிலியோடு புகுந்த வீட்டுக்குப் போனாள். அங்கே அவள் கேட்ட ஏச்சுப் பேச்சுகளை அம்மா சொல்லி அழுதிருக்கிறார். இன்றைக்கும் "அப்பாவுக்காக அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்று தங்கை உறவினர்களிடம் சொல்கிறாள்.

நான்கு வருடங்களுக்கு முன் கிறிஸ்துவை ஏற்று ஞானஸ்நானம் பெற்றேன். "பழையவைகள் ஒழிந்துபோயின" என்கிறார் போதகர். ஆனால் ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் இதே பாவத்தைச் சொல்லி அழுகிறேன். சபையில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து நாளில் ஏதாவது காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். வரும் தை மாதம் தங்கை மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சீராக எட்டுப் பவுன் போடப்போகிறேன். அத்தோடு இந்தப் பாரம் இறங்குமா? மன்னிக்கப்பட்டவன் என்றால் எனக்கு ஏன் இன்னும் இப்படி? பழைய அடகுச் சீட்டைக்கூட என்னால் கிழித்துப் போட முடியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் மன்னிக்கப்பட்டவர். இதை முதலில் எழுதிவிடுகிறேன், கீழே நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு இதைச் சந்தேகிக்கக் கூடாது என்பதற்காக. "மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரமாய்" நம் பாவங்களை நம்மைவிட்டு விலக்கினார் என்கிறது 103ஆம் சங்கீதம். அந்தத் தூரத்தை உங்கள் கண்ணீரால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டியதில்லை. நான்கு வருடங்களாக ஒரே பாவத்தைத் தேவனிடம் சொல்லி வருகிறீர்கள். அவர் முதல் நாளே கேட்டுவிட்டார். இன்னும் கேட்காதவர் ஒருவர் இருக்கிறார், உங்கள் தங்கை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது நகையை எடுத்தது கூட இல்லை. அந்தத் தாய்மாமன் சீர்தான்.

மணமேடையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் தட்டில் எட்டுப் பவுனை வைப்பீர்கள். ஊர் வியக்கும். "இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான்" என்று தங்கை கண் கலங்குவாள். அவளுக்குச் சேர வேண்டியதை அவளுக்கே கொடுத்து, அதற்கு அவளிடமே நன்றியும் வாங்கிக்கொள்வீர்கள். அப்பாவின் பெயரில் சொன்ன முதல் பொய்க்கு மேல் இது இரண்டாவது பொய். இன்றைக்கே இவ்வளவு கனக்கிற உங்கள் மனம் அந்த நன்றியை எப்படித் தாங்கும்?

சகேயுவை மறுபடி வாசியுங்கள், லூக்கா 19ஆம் அதிகாரம். எரிகோவில் வரி வசூலிப்போருக்குத் தலைவன், ஐசுவரியவான். காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தவனைப் பார்த்து இயேசு கணக்கு எதுவும் கேட்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். வீட்டுக்கு வருவது முதலில், பணம் திரும்புவது பிறகு. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள், கொடுத்து மன்னிப்பு வாங்க முடியாது. ஆனால் அவர் வந்தபின் சகேயு எழுந்து நின்று சொன்னதைக் கவனியுங்கள். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் "கொடுக்கிறேன்" என்கிறான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் "திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். தருமத்துக்கு ஒரு சொல், கடனுக்கு வேறொரு சொல். தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். ஆடு திருடியவனுக்கு விதித்த நாலு மடங்கை இவன் தானே எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டான். தன்னைத் திருடன் என்று எல்லார் முன்னும் சொல்லிக்கொள்வதற்கு அதைவிடத் தெளிவான வழி அவனுக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் போதகர் சொன்ன வசனம் உண்மைதான். பழையவைகள் ஒழிந்துபோயின. ஆனால் அதற்கு அடுத்த வசனமே ஒப்புரவாக்குதலை, அதாவது முறிந்த உறவைச் சேர்ப்பதைப் பற்றியது. முந்தியதை மட்டும் சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னுடைய ஒன்றையும் சொல்ல வேண்டும். இளம் வயதில் ஒரு கிராமப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். தேர்வுக் கட்டணத்தில் 50 ரூபாய் குறைந்தது. ஒரு பையன்மேல் சந்தேகப்பட்டு அவனை நாள் முழுவதும் பெஞ்சின்மேல் நிறுத்தினேன். அடுத்த வாரம் அந்த நோட்டு என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்ளேயே கிடந்தது. பணத்தைக் கணக்கில் சேர்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. 11 வருடங்கள் கழித்து ஒரு பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். கொத்தனாராகியிருந்தான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்றைக்கே வகுப்பில் சொல்லியிருக்கலாமே, சார். மூன்று வருடம் என்னைத் திருடன் என்றுதான் கூப்பிட்டார்கள்" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

இயேசுவின் சீஷனான பேதுரு, அவர் பிடிபட்ட இரவில் தான் அவருடைய சீஷன் அல்ல என்று மறுதலித்தது கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் போட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பு. மூலமொழியான கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அதே வாசனையில், மற்றச் சீஷர்கள் இருக்கும்போதே, மூன்று முறை மறுத்தவனிடம் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டார். பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார். அந்தத் துக்கத்தின் நடுவிலேதான் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்ற பொறுப்பு அவன் கைக்கு வந்தது. எனக்கு அந்தக் கரிநெருப்பு ஒரு வகுப்பறை. நான் அங்கே போகாமல் பஸ் நிலையத்தில் முடித்துக்கொள்ளப் பார்த்தேன். உங்களுக்கு அது உங்கள் தங்கையின் வீடு.

ஆகவே தைக்கு முன்பே போங்கள். கல்யாண வீட்டின் பரபரப்பில் சொல்லாதீர்கள், அவளுக்கு அழவும் கோபப்படவும் நாட்கள் வேண்டும். முதலில் அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். யார் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும், புகுந்த வீட்டாரிடம் சொல்லச் சொன்னால் அங்கேயும் போய்ச் சொல்லுங்கள். கடை மூழ்கியதைச் சாக்காக விவரிக்க வேண்டாம். பவுனைப் பவுனாகவே கொடுங்கள், அன்றைக்கு அடகில் கிடைத்த ரூபாயைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். சீர் செய்ய ஆசையிருந்தால் அது தனி, உங்களால் இயன்ற அளவில் செய்யுங்கள். அவள் மகள் திருமணத்துக்கு உங்களை அழைக்காமலே போகலாம். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. மன்னித்துவிடு என்று வசனம் காட்டி அவளை நெருக்கவே கூடாது.

திருவிருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் அப்போஸ்தலன் பவுல் எழுதினார். சோதித்தறிந்து வீட்டிலே இருந்துவிடட்டும் என்று எழுதவில்லை. தங்கை என்ன பதில் சொன்னாலும் அடுத்த திருவிருந்தில் முழங்கால்படியிட்டு அப்பத்தை வாங்குங்கள்.

அந்த அடகுச் சீட்டை இனியும் கிழிக்காதீர்கள். போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுங்கள்.

அன்புடனும் ஜெபத்துடனும்.