ஸ்டோர் கிரெடிட்டைச் செலவழித்துத் தீர்க்க மேலே கடன் வாங்கலாமா?

கேள்வி: டிரெக்கிங் சாமான் விற்கும் ஒரு கடையில் என் பெயரில் ஸ்டோர் கிரெடிட் (அந்தக் கடையில் சாமானாக மட்டும் எடுக்கக்கூடிய தொகை) இருக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கிய டென்ட்டும் பூட்ஸும் கனமாக இருந்ததால் திருப்பிக் கொடுத்தேன். பணம் திரும்பப் பெறும் கெடு முடிந்துவிட்டதால் கிரெடிட்டாகப் போட்டார்கள். இன்னும் ஐந்து மாதத்தில் அது காலாவதியாகிறது. இந்த முறை எல்லாவற்றையும் எடை குறைந்ததாக ஒரேயடியாக வாங்கிவிடலாம் என்று பட்டியல் போட்டேன். கிரெடிட்டைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. மீதியைக் கடை தரும் 'வட்டியில்லா' 12 மாதத் தவணையில் எடுக்கலாமா? தவணை என்றால் இப்போதுள்ள 10% தள்ளுபடி கிடையாது, பிராசஸிங் கட்டணம் 2% உண்டு. இதற்கு முன் இரண்டு முறையும் கிரெடிட்டுக்கு மேலே காசு போட்டுத்தான் வாங்கினேன். இதற்கிடையில் தங்கையின் கணவர், "உங்கள் கிரெடிட்டில் எனக்கும் ஒரு ஜாக்கெட் எடுத்துவிடுங்கள், அப்புறம் தருகிறேன்" என்கிறார். நான் போவது பெரும்பாலும் ஒருநாள் நடை. வருடத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி வெளியே தங்குவேன். கிரெடிட் வீணாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: எடை குறைந்த சாமானின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலைப் பார்த்தாலே விவரம் தெரிந்து தேர்ந்தெடுத்திருப்பது தெரிகிறது. கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்களைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம்: கிரெடிட் வீணாகக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் அதன் மேல் கடன் போட்டு வாங்குகிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய தொகைகளையெல்லாம், கிரெடிட்டை 100 என்று வைத்து அந்த விகிதத்துக்கு மாற்றிக்கொண்டேன். கிரெடிட் 100. கார்டு பாக்கியும் ஏறக்குறைய 100. அதற்கு மாத வட்டி 3%. நீங்கள் கட்டுவது மாதம் 5. இழுத்துப் பிடித்தால் மாதம் 15 வரை கட்ட முடியும் என்கிறீர்கள். பட்டியலின் மொத்தம் 360: டைனீமா (மிக லேசான செயற்கைத் துணி) டென்ட் 150, 900 ஃபில் பவர் (உப்பலின் அளவு) உள்ள டவுன் குயில்ட் (பறவையின் மெல்லிறகு அடைத்த போர்வை) 80, ஃபிரேம் இல்லாத பை 70, ரெயின் ஜாக்கெட் 35, மெரினோ (மெல்லிய ஆட்டுக் கம்பளி) சட்டைகள் 25.

இந்த இரண்டு 100-களும் தனித்தனி விஷயம் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. டென்ட்டையும் பூட்ஸையும் கார்டில் வாங்கினீர்கள். சாமான் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது, கார்டு கடன் உங்களோடு தங்கிவிட்டது. அதாவது அந்தக் கிரெடிட் உங்களுக்கு இனாமாக வந்த பணமல்ல; மாதம் 3% வட்டி கட்டி நீங்கள் வைத்துக்கொண்டிருக்கும் பணம். கடை அதற்கு ஒரு பைசா வட்டி தருவதில்லை, ஐந்து மாதத்தில் அழித்தும் விடும். கடை திவாலானால் கிரெடிட் வைத்திருப்பவர்கள் ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களாகப் பெரும்பாலும் வரிசையின் பின்பக்கம் நிற்க வேண்டியதுதான்.

100 பாக்கிக்கு மாதம் 5 கட்டினால் முதல் மாதம் 3 வட்டிக்கே போகிறது, அசலில் 2 தான் குறைகிறது. இப்படியே போனால் தீர 31 மாதம் ஆகும். மொத்தம் 155 கட்டியிருப்பீர்கள். அதே பாக்கிக்கு மாதம் 15 கட்டினால் எட்டாவது மாதம் தீர்ந்துவிடும், வட்டி 13 சொச்சம். உங்கள் கணக்கில் பெரிய லாபம் இருப்பது இங்கேதான். எந்தத் தள்ளுபடியிலும் இவ்வளவு கிடைக்காது.

இப்போது அந்த 'வட்டியில்லா' தவணை. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடும். கிரெடிட் போக மீதி 260. ரொக்கமாகக் கொடுத்தால் 10% தள்ளுபடி போக 234 தான் விலை. தவணையில் 260-ம் கட்டணம் 5-ம் சேர்த்து 265. ஆக 31 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கும் கடன் சராசரியாகப் பாதி அளவுதான். அதற்கு 31 என்றால் மாதம் சுமார் 2%, வருடத்துக்கு 24% வட்டி. பெயர்தான் மாறியிருக்கிறது. இதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது: 12 தவணை என்றால் மாதம் 21.7, கார்டுக்கு 5, மொத்தம் 26.7. உங்களிடம் இருப்பது 15. மீதி எங்கிருந்து வரும்? மறுபடி கார்டிலிருந்துதான்.

"தவணை வேண்டாம், கொஞ்சமாகக் கார்டிலேயே போட்டுக்கொள்கிறேன்" என்றும் நினைக்காதீர்கள். பாக்கி வைத்திருக்கும் கார்டில் பொதுவாகப் புதிய செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

முதல் வேலையாகக் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். சாமான் வாங்கிய கார்டுக்கே கிரெடிட்டைத் திருப்பிப் போட முடியுமா, முழுவதும் முடியாவிட்டால் ஒரு பகுதியையாவது? சாமானில் குறை இருந்து திருப்பியிருந்தால், பல நாடுகளில் பணமாகவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கனமாக இருந்தது என்பது குறையில் சேராது, அதனால் இந்த இடத்தில் வேண்டுகோளாகத்தான் கேட்க முடியும். மறுத்தால் காலாவதித் தேதியை ஆறு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வரட்டும். போனில் சரி என்று சொல்வது பின்னால் எதற்கும் உதவாது.

அடுத்தது மாப்பிள்ளை. அவர் கேட்பதை மறுக்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாறாக, அவருக்கு அந்த ஜாக்கெட்டை எடுத்துக் கொடுங்கள் என்கிறேன், ஆனால் காசு முதலில். 'அப்புறம் தருகிறேன்' என்பதற்கு எடுத்துக் கொடுத்தால், உங்கள் 3% கடனில் அவர் வட்டியில்லாமல் ஜாக்கெட் போட்டுக்கொள்கிறார். முன்பணமாகக் கொடுத்தால் கடை பணமாகத் தர மறுத்த கிரெடிட்டை அவர் பணமாக்கித் தருகிறார். அவர் ஜாக்கெட் விலை 40 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 40-ஐ வாங்கிய அன்றே கார்டில் கட்டிவிட்டால் பாக்கி 60. மாதம் 15 கட்டினால் ஐந்தாவது மாதம் தீர்கிறது, வட்டி 5-க்குள் அடங்கும். தங்கையிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் நேராக அவரிடமே கேளுங்கள்: "மாப்பிள்ளை, கார்டு பாக்கி ஓடுகிறது, பணம் வந்ததும் ஆர்டர் போட்டுவிடுகிறேன்." இதில் மனஸ்தாபத்துக்கு இடமே இல்லை. அவர் பின்வாங்கினால், அப்புறமும் தந்திருக்க மாட்டார் என்று தெரிந்துவிடும். அவருக்கும் இது நஷ்டமில்லை. கடையில் கொடுக்கப்போவதைத்தான் உங்களிடம் கொடுக்கிறார். இன்னும் யாராவது நண்பர் அந்தக் கடையில் வாங்க நினைத்தால் அவரிடமும் இதையே செய்யலாம்; ஐந்து சதவீதம் குறைத்துக் கொடுத்தால்கூட, இரண்டு மாத வட்டியில் அது உங்களுக்குத் திரும்பிவிடும்.

இப்போது கிரெடிட்டில் மிச்சம் 60. அதற்குள் என்ன வாங்குவது? உங்கள் பட்டியல் மாதக்கணக்கில் பையோடு நடப்பவருக்குச் சரி. அடிப்படை எடை, அதாவது சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையின் எடை, 4.5 கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட் என்கிறார்கள். 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட். ஒருநாள் நடைக்கு டென்ட்டும் படுக்கையும் பையில் ஏறுவதே இல்லை. வருடத்துக்கு மூன்று ராத்திரிக்கு 150 கொடுத்து டைனீமா டென்ட் எதற்கு? அந்தத் துணி தண்ணீர் குடிக்காது, ஈரத்தில் தொய்யாது, எடையோ மிகக் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் கூர்மையான கல்லும் முள்ளும் அதைத் துளைக்கும், உரசல் தாங்காது, மடித்தால் நைலானைவிட இடம் அடைக்கும். மூன்று ராத்திரிக்கு வாடகை டென்ட் போதும், எடை ஒரு கிலோ கூடினாலும்.

ஃபிரேம் இல்லாத பையை இப்போது தொடவே வேண்டாம். மொத்த எடை ஒன்பது கிலோவைத் தாண்டினால் அதை இடுப்புக்கு இறக்க உள்ளே சட்டம் இல்லை. பாரம் முழுக்கத் தோளில் உட்காரும். வாடகை டென்ட், மூன்று லிட்டர் தண்ணீர் என்று போகிறவருக்கு அந்த வரம்பு சீக்கிரம் தாண்டிவிடும். பை எப்போதும் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். உள்ளே போவதன் அளவும் எடையும் முடிவான பிறகுதான் எத்தனை லிட்டர் பை என்பதே தெரியும்.

குயில்ட்டும் அப்படித்தான். அதற்கு அடிப்பக்கம் கிடையாது, கீழிருந்து வரும் குளிரை மேட் மட்டும்தான் தடுக்க வேண்டும். உங்களிடம் உள்ள மெல்லிய ஃபோம் மேட்டின் ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் அளவு) 2-ஐ ஒட்டித்தான் இருக்கும். அது கோடைக்குப் போதும், குளிர்ந்த தரையில் போதாது. அதன் மேல் 900 ஃபில் பவர் போர்த்திக்கொண்டாலும் முதுகு குளிரும். தவிர, டவுன் நனைந்தால் உப்பல் போய் சூடு தராது. வருடம் முழுக்கச் சுருட்டிய நிலையிலேயே உறைக்குள் வைத்திருந்தாலும் கெடும். விலை உயர்ந்த டவுன் அடிக்கடி வெளியே தங்குபவருக்கே லாபம்.

ரெயின் ஜாக்கெட் மட்டும் நியாயமான செலவு, ஒருநாள் நடைக்கும் அது பையில் இருக்க வேண்டும். 35 அல்ல, 25-க்கு உள்ளதை எடுங்கள். எடையைப் பார்க்கும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டரை அடுக்கு ஜாக்கெட்டில் உள்ளே வெறும் பூச்சுதான் இருக்கும். வியர்வையும் பையின் பட்டையும் படும் கழுத்து, தோள் பக்கத்தில் அது முதலில் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரியும். மூன்று அடுக்கில் உள்ளே மெல்லிய துணி ஒட்டியிருக்கும். எண்பது, நூறு கிராம் கூடினாலும் பல வருடம் வரும். அக்குளில் ஜிப் இருந்தால் நல்லது. ஏற்றத்தில் எந்த மூச்சுவிடும் துணியும் வியர்வையை முழுதாக வெளியேற்றாது. தையலின் மேல் ஒட்டியுள்ள டேப்பை விரலால் தடவிப் பாருங்கள், ஓரம் எங்கும் கிளம்பியிருக்கக் கூடாது.

உங்கள் பழைய ஜாக்கெட் 'நனைந்து போகிறது' என்று எழுதியிருந்தீர்கள். வெளித்துணி தண்ணீரை உருட்டிவிடாமல் குடிக்கிறது என்றால், பெரும்பாலும் மேல்பூச்சில் அழுக்கும் எண்ணெயும் ஏறியிருக்கும். தண்ணீரைத் தடுக்கும் உள் சவ்வு நன்றாகவே இருக்கலாம். அதற்கென்றே விற்கும் திரவ சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் சுற்றுங்கள். தண்ணீர் மணிமணியாக உருண்டால் அந்த 25-ம் மிச்சம். உருளாவிட்டால் தண்ணீரை உருட்டிவிடும் ஸ்பிரே பூச்சு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்குவது அதற்கு அப்புறம்.

மெரினோ சட்டை எளிதில் நாற்றம் பிடிக்காது, ஆனால் சதுர மீட்டருக்கு 150 கிராம் உள்ள மெல்லிய துணியில் இடுப்புப் பட்டை உரசும் இடத்தில் சீக்கிரம் ஓட்டை விழும். இரண்டு பாலியஸ்டர் சட்டையும் இரண்டு ஜோடிக் காலுறையும் 12-க்குள் வரும், காலுறை மட்டும் மெரினோவாக இருக்கட்டும். மெல்லிய ஃபிளீஸ் (கதகதப்பான மேலாடை) ஒன்று 10. இத்தோடு 47. மீதி 13-க்கு ஹெட்லேம்ப் மாதிரி உண்மையிலேயே இல்லாத ஒன்று இருந்தால் எடுங்கள். ஷூவைச் சேமித்து வைக்க வாங்காதீர்கள். லேசான டிரெயில் ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் வரும் என்றாலும், அதன் ஃபோம் அலமாரியிலும் கிழடாகும்.

ஒன்றும் பொருந்தவில்லையென்றால் அந்த 13 காலாவதியாகட்டும். சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 13-ஐக் காப்பாற்ற 40-க்கு ஒரு சாமான் எடுத்தால், 27 கார்டில் ஏறி, அடுத்த வருடம் இதே கடிதத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

எடை குறைக்க ஆசை இருந்தால் காசில்லாமலே குறைக்கலாம். பையை நடை முடிந்து வந்த அன்றே தரையில் கொட்டி, எடுக்காமலேயே திரும்பி வந்ததை ஒரு பக்கம் வையுங்கள். அவசர மருந்துப்பெட்டியும் மழை உடையும் மட்டும் விதிவிலக்கு. மாற்றுத்துணி இரண்டு செட் ஒரு கிலோவைத் தொடும். வழியில் தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்கும் இடத்தில் மூன்று லிட்டருக்குப் பதில் இரண்டு எடுத்தால் இன்னொரு கிலோ. 70 கொடுத்து வாங்கும் புதுப்பையில் மிச்சமாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவுதான்.

ஆர்டரை மூன்றாவது மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். கிரெடிட்டில் வாங்கியதைத் திருப்பினால் பெரும்பாலும் கிரெடிட்டாகவே, சில கடைகளில் பழைய காலாவதித் தேதியோடே வரும். அளவு மாற்ற நாள் இருக்க வேண்டும். தள்ளுபடிச் சாமானுக்குக் கிரெடிட் செல்லுமா, டெலிவரிக் கட்டணத்தைத் தனியாகக் கேட்பார்களா என்பதை முன்கூட்டியே பாருங்கள். ஜாக்கெட் வந்ததும் டேக்கைக் கழற்றாமல், உள்ளே ஃபிளீஸும் மேலே பையும் போட்டு, கையை மேலே தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தால் ஒரு அளவு பெரிதாக மாற்றுங்கள். இன்னொன்று: ஆர்டர் போடுவதற்கு முன்னால் அந்தக் கடையின் ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். கூடையின் மொத்தம் கிரெடிட்டைத் தாண்டினால் ஆர்டர் போகாமல் நிற்கும். அப்போது கூடையிலிருந்து ஒன்றை வெளியே எடுங்கள்.